வெல்ஷ் பரீட்சை எழுதப் போறேன்னு சொன்னதும் எல்லாரும் என்கிட்ட கேட்ட கேள்விகள்

நான் பிரிட்டன்ல வேல்ஸ்ங்கற பகுதில, ஸ்வான்சீ பக்கத்துல ஒரு மருந்துக்கடைல கவுண்டர்ல நிக்கிறவ. பெரியவங்களுக்கான வெல்ஷ் பரீட்சையில முதல் ரெண்டு லெவல் முடிச்சிட்டேன், மூணாவதுக்குப் படிச்சிட்டிருக்கேன். வாட்ஸாப் க்ரூப்ல, கோயில் விசேஷத்துல, ஊருக்கு ஃபோன் பேசும்போதுன்னு திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். வெல்ஷ் வார்த்தைகளைத் தமிழ்லயே எழுதியிருக்கேன், உச்சரிப்பு முன்னப்பின்ன இருக்கும், கண்டுக்காதீங்க.

வெல்ஷ்னா இங்கிலீஷ்தானே, கொஞ்சம் வேற மாதிரி பேசுவாங்க, அதானே?

இல்லவே இல்ல. எங்க மாமியார்கூட ஒரு வருஷம் இப்படித்தான் நெனச்சிட்டிருந்தாங்க. வெல்ஷ் தனி மொழி, கெல்டிக் குடும்பம், பிரான்ஸ்ல பேசற ப்ரெடனும் கார்ன்வால் பக்கம் இருந்த கார்னிஷும் இதோட கூடப்பிறந்தவங்க மாதிரி, ஐரிஷ் ஒண்ணுவிட்ட சொந்தம். இங்கிலீஷ் இதுல சேர்த்தியே இல்ல. அவங்க மொழிக்கு அவங்க வச்சிருக்கற பேரு கம்ரைக். 2021 சென்சஸ்படி வேல்ஸ்ல மூணு வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 17.8 சதவீதம், அதாவது சுமார் 5,38,000 பேர் இதைப் பேசறாங்க. 2050க்குள்ள பத்து லட்சம் பேராக்கணும்னு கவர்மென்ட் 2017ல ஒரு திட்டம் போட்டுச்சு, அவ்வளவு பேரும் பொறக்கப்போற குழந்தைங்களாவே இருக்க முடியாது இல்லையா, அதனாலதான் என்னை மாதிரி வளந்து கெட்டவங்களையும் புடிச்சு உக்கார வச்சு சொல்லித்தர்றாங்க.

பரீட்சையை யார் நடத்தறாங்க? க்ளாஸ் எடுக்கறவங்களேவா?

ரெண்டும் வேற வேற. க்ளாஸ் எல்லாம் டஸ்கி கம்ரைக்ங்கற பேர்ல நடக்குது, "வெல்ஷ் கத்துக்கோ"ன்னு அர்த்தம். அதுக்கு மேல 2016ல ஆரம்பிச்ச தேசிய மையம் ஒண்ணு இருக்கு, அது எல்லா ஊர்லயும் யுனிவர்சிட்டி, காலேஜ், கவுன்சில் மூலமா க்ளாஸ் நடத்த வைக்குது. பரீட்சைக் கேள்வித்தாள் போடறது, திருத்தறது, செர்டிஃபிகேட் குடுக்கறது எல்லாம் டபிள்யூஜேஇசி. பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஜிசிஎஸ்இ, ஏ லெவல் (நம்ம பத்தாவது, பன்னெண்டாவது மாதிரி) வைக்கிற அதே போர்டுதான், 1948ல ஆரம்பிச்சது. வெல்ஷ்ல அதை சிபிஏசின்னு சொல்வாங்க, ரெண்டும் வேற போர்டுன்னு நெனச்சு ரெண்டு சைட்லயும் தேடினவ நான்.

ஐரோப்பாவுல மொழிப் பரீட்சை வைக்கிற போர்டெல்லாம் சேர்ந்து ஆல்டேன்னு ஒரு சங்கம் வச்சிருக்காங்க, இவங்களும் அதுல மெம்பர். ஜெர்மன், ஃப்ரெஞ்ச் பரீட்சையை எப்படி ஏ1, ஏ2ன்னு பிரிக்கறாங்களோ அதே அளவுகோல்தான் இங்கயும். சின்ன மொழிதானே, சும்மா நாலு கேள்வி கேட்டு அனுப்பிடுவாங்கன்னு நெனைக்காதீங்க.

மொத்தம் எத்தனை லெவல்?

பரீட்சை உள்ளது நாலு. மனெட்யாட், அப்படின்னா நுழைவு, இது ஏ1. அடுத்து சல்வைன், அடித்தளம்னு வச்சுக்கலாம், ஏ2. மூணாவது கனொல்ராத், நடுத்தரம், பி1, இது வேல்ஸ்ல லெவல் 2, ஜிசிஎஸ்இ வரிசைல வரும். நாலாவது யூஹ், உயர்நிலை, பி2, ஏ லெவல் வரிசை. அதுக்கு மேல க்ளோய்விங்கற பேர்ல மெருகேத்தற க்ளாஸ் இருக்கு, க்ளோய்வின்னாலே மெருகேத்தறதுன்னுதான் அர்த்தம், நல்ல பேரு இல்ல?

வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் க்ளாஸ் போனா ஒரு லெவலுக்கு ரெண்டு வருஷம் ஆகும், நாலு மணி நேரம் போனா ஒரு வருஷத்துல முடிக்கலாம். நான் ரெண்டு மணி நேரம் க்ரூப், சாயங்காலம் ஏழுலேருந்து ஒம்பது, கடைல எட்டு மணி நேரம் நின்னுட்டுப் போய் உக்காந்தா முதல் அரை மணி நேரம் கொட்டாவிதான்.

கட்டாயம் எழுதணுமா?

தேவையே இல்ல. இது நிறைய பேருக்குத் தெரியாது. பரீட்சை எழுதாமலே அடுத்த லெவல் க்ளாஸ்ல சேரலாம், ஃபெயிலானாலும் சேரலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எங்க க்ளாஸ்ல பாதிப் பேர் எழுதவே இல்ல, ரிட்டயர் ஆனவங்க, பேரப்பசங்க வெல்ஷ் மீடியம் ஸ்கூல்ல படிக்கறாங்க, அதுங்ககூட பேசணும்னு வர்றவங்க, அவங்களுக்கு எதுக்கு செர்டிஃபிகேட்டு?

நம்ம ஆளுங்களுக்குத்தான் பரீட்சை இல்லாம படிப்பு ஓடாது. எனக்கும் அப்படித்தான், தேதி ஒண்ணு காலண்டர்ல இருந்தாத்தான் புக்கைத் தொறப்பேன்.

யார் வேணா எழுதலாமா? எப்போ நடக்கும்?

16 வயசு ஆகியிருந்தா போதும். வெல்ஷைத் தாய்மொழியாப் பேசாம பெரியவங்களாக் கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட பரீட்சை இது. முக்கியமான சீசன் ஜூன். மனெட்யாட்டுக்கு மட்டும் ஜனவரியிலயும் ஒரு தடவை வைக்கிறாங்க. பேரு குடுக்கறது சில மாசம் முன்னாடியே முடிஞ்சிடும், ஜூன்ல எழுதணும்னா பனிக்காலத்துலயே டீச்சர்கிட்ட சொல்லி வச்சிடுங்க, மே மாசம் போய் கேட்டா கையை விரிச்சிடுவாங்க. பரீட்சை நடக்கற இடம் பெரும்பாலும் நீங்க க்ளாஸ் போற கட்டடமோ பக்கத்து ஊர் காலேஜோதான்.

காது சரியா கேக்காதவங்க, எழுத்துக் குழப்பம் இருக்கறவங்க, உடம்பு முடியாதவங்களுக்கு எக்ஸ்ட்ரா நேரம் மாதிரி ஏற்பாடு உண்டு, ஆனா ஃபார்ம் குடுக்கும்போதே சொல்லிடணும், அன்னிக்குப் போய் சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

வடக்கு, தெற்குன்னு ஃபார்ம்ல கேக்கறாங்களே, அது என்ன?

வேல்ஸ் மொத்தமே நம்ம தமிழ்நாட்டுல ஆறுல ஒரு பங்குகூட வராது, ஆனா வடக்கத்தி வெல்ஷுக்கும் தெக்கத்தி வெல்ஷுக்கும் நெல்லைத் தமிழுக்கும் கோயம்புத்தூர்த் தமிழுக்கும் இருக்கற மாதிரி வித்தியாசம். பால் வடக்குல ஹ்லெவ்ரித், தெற்குல ஹ்லைத். பாட்டி அங்க நைன், இங்க மாம்கீ. "இப்போ"ங்கறதுக்கு இங்க நவ்ர், அங்க ரூவன், ரெண்டையும் வெல்ஷ் எழுத்துல எழுதிப் பாத்தா ஒண்ணைத் திருப்பிப் போட்டா இன்னொண்ணு, நெஜமாவே. ஒரு கப் டீ அங்க பானட், இங்க டிஷ்க்லெட். "என்கிட்ட கார் இருக்கு"ன்னு சொல்றதுகூட வேற வேற மாதிரி.

அதனால ஆரம்ப லெவல் புக்கும் ரெண்டு விதம், கேள்வித்தாளும் ரெண்டு விதம், எது உங்களுக்குன்னு ஃபார்ம்லயே குறிக்கணும். நீங்க கத்துக்கிட்டதை எதை எழுதினாலும் தப்புன்னு போட மாட்டாங்க, தெற்குத் தாள்ல வடக்கு வார்த்தை எழுதினா மார்க் போகாது. கேக்கறதுதான் பிரச்சனை. பழக்கமில்லாத பக்கத்து ஒலி காதுல விழுந்தா அந்த அரை செகண்ட் யோசிக்கறதுக்குள்ள அடுத்த வரி போயிடும். ஆப்ல வடக்கும் தெற்கும் கலந்து கத்துக்கிட்டு வர்றவங்க இங்கதான் மாட்டிக்குவாங்க, நானும் ஆப்ல ஆரம்பிச்சவதான், முதல் மூணு மாசம் டீச்சர் என்னை "நீ எந்த ஊரு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

எழுத்துப் பரீட்சைல என்னென்ன வரும்?

மனெட்யாட்னா கேக்கறது, படிக்கறது, எழுதறது. கேக்கறதுல வானிலை அறிக்கை ஒண்ணு கட்டாயம் மாதிரி வந்துடும், வடக்குல என்ன, மேற்குல என்ன, காலைல என்ன, ராத்திரி என்னன்னு டிக் பண்ணணும். வேல்ஸ்ல வானிலைன்னா மழை, பனிமூட்டம், காத்து, மறுபடி மழை, அதனால வார்த்தை பட்டியல் சின்னதுதான். "மழை பெய்யுது"ங்கறதை இவங்க "அவ மழையை எறியறா"ன்னு சொல்வாங்க, வானிலை பொம்பள. இந்த ஊர்ல ஒரு நவம்பர் இருந்து பாருங்க, யாரோ எறியற மாதிரியேதான் இருக்கும்.

அப்புறம் ரெண்டு பேர் பேசிக்கறதைக் கேட்டு பதில் எழுதணும். ஒரு தடவைக்கு மேல போடுவாங்க, முதல் தடவை புரியலைன்னா பயப்படாதீங்க. நான் எழுதின ரூம்ல ஸ்பீக்கர் சரியில்லாம கரகரன்னு ஒரே இரைச்சல், பின் வரிசைல இருந்த நான் கையைத் தூக்கி சொன்னதும் நிறுத்திட்டு எங்களை எல்லாம் முன்னாடி உக்கார வச்சு முதல்லேருந்து போட்டாங்க. கையைத் தூக்க வெக்கப்பட்டிருந்தா அவ்வளவுதான்.

படிக்கறதுல விளம்பரம், சின்ன உரையாடல், கோடிட்ட இடம். எழுதறதுல லீவுக்குப் போன இடத்துலேருந்து சிநேகிதிக்கு ரெண்டு வரி எழுதற மாதிரி ஏதாவது, போனேன், பாத்தேன், சாப்பிட்டேன்னு இறந்தகாலம் வருதான்னு பாக்கறதுக்கு. சல்வைன்ல அதே சாமான் கொஞ்சம் பெருசா, ஃபார்ம் நிரப்பறது, லெட்டர். கனொல்ராத்ல ரேடியோ பேச்சு, செய்தி, உன் அபிப்பிராயம் என்னன்னு போகும், அதைப் பத்தி முடிச்சிட்டு வந்து சொல்றேன். யூஹ் பக்கம் நான் தலை வச்சே படுக்கல.

கோடிட்ட இடத்துல வார்த்தையோட முதல் எழுத்தே மாறுதாமே?

ஆமா, இதுதான் வெல்ஷோட பிராணன் எடுக்கற சமாச்சாரம். நாம வார்த்தையோட வாலைத்தான் மாத்துவோம், மதுரைக்கு, மதுரைல, மதுரைலேருந்து. இவங்க தலையை மாத்துவாங்க. வடக்குல பாங்கோர்னு ஒரு ஊர். ஊர் பேரு பாங்கோர். பாங்கோருக்குப் போறேன்னா "ஈ வாங்கோர்". பாங்கோர்ல இருக்கேன்னா "அம் மாங்கோர்". மேப்ல மாங்கோரைத் தேடினா கெடைக்காது.

இதுக்கு ட்ரெய்க்லாட்னு பேரு, மூணு வகை இருக்கு, மென்மையாக்கறது, மூக்கால சொல்றது, காத்தோட சொல்றதுன்னு வச்சுக்கோங்க. வல்லினம், மெல்லினம், இடையினம்னு ஆறாம் க்ளாஸ்ல அடி வாங்கிப் படிச்ச நமக்கு சட்டுனு புடிபடும், இங்கிலீஷ்காரங்க "பி எப்படி எம் ஆகும்"னு தலையைப் பிச்சுக்கறப்போ நான் நிம்மதியா இருந்தேன், "பனை மரம்"ல வர்ற ரெண்டும் ஒரே எடத்துல பொறக்கற எழுத்துதானே. ஆனா கொடுமை என்னன்னா "கடல்"ல வர்ற க சத்தத்துக்கும் அது மென்மையாகி "தங்கம்"ல வர்ற மாதிரி ஆகற சத்தத்துக்கும் தமிழ்ல ஒரே எழுத்து, அதனால நோட்டுல தமிழ்ல குறிச்சு வச்சது எல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கே புரியல.

நல்ல சேதி, பேசற பரீட்சைல ட்ரெய்க்லாட் விட்டுப்போனாலும் சொல்ல வந்தது புரிஞ்சா ஆரம்ப லெவல்ல யாரும் கழுத்தை அறுக்க மாட்டாங்க. எழுத்துல கோடிட்ட இடத்துலதான் அதுக்குன்னே மார்க்.

பேசற பரீட்சை எப்படி இருக்கும்? அதுதான் பயமா இருக்கு.

மத்த எல்லாத்தையும்விட இதுக்குத்தான் கனம் ஜாஸ்தி. மார்க்லயும் பெரிய பங்கு இதுக்குத்தான். நம்ம ஊர்ல ஒரு வார்த்தை பேசாம ஹிந்தி பரீட்சை ஏழு பாஸ் பண்ணவங்க இருக்காங்க இல்ல, அந்தக் கதை இங்க நடக்காது.

நான் மனெட்யாட் எழுதின அன்னிக்கு நடந்ததை சொல்றேன். தாழ்வாரத்துல நாலு நாற்காலி, எனக்கு முன்னாடி போனவர் ஒரு லாரி டிரைவர், வெளிய வந்து "டா யௌன்"னு கட்டை விரலைக் காட்டிட்டுப் போனார். அப்படின்னா ரொம்ப நல்லதுன்னு அர்த்தம், டா-ன்னா நல்ல. காலை வணக்கம் போரே டா. இதை முதல் தடவை கேட்ட என் பையன் "அம்மா, யாரைப் பாத்து எங்க போறேடாங்கறாங்க"ன்னான்.

உள்ள ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு சின்ன ரெக்கார்டர். பேசறது எல்லாம் பதிவாகும், அது போர்டுக்குப் போகும், எதிர்ல இருக்கறவங்க இஷ்டத்துக்கு மார்க் போட்டு அனுப்பிட முடியாது. பரீட்சை எடுக்கறவங்க நம்ம க்ளாஸ் டீச்சர் இல்ல, வேற டீச்சர், பழக்கமில்லாத முகம், பழக்கமில்லாத குரல். ஆனா கல்யாண வீட்டுல பக்கத்துல உக்காந்த அத்தை மாதிரி சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாங்க. முதல்ல ஒரு சின்ன உரையாடலை அவங்க ஒரு ஆள், நான் ஒரு ஆளா படிச்சோம். அப்புறம் கேள்வி. எங்க இருக்கீங்க, என்ன வேலை, நேத்து என்ன பண்ணீங்க, வார கடைசில என்ன பண்ணப்போறீங்க. அப்புறம் ஒரு கார்டைக் குடுத்து, அதுல இருக்கற வார்த்தையை வச்சு நான் அவங்களைக் கேள்வி கேக்கணும்.

இந்தக் கடைசிப் பகுதிதான் எல்லாரும் கோட்டை விடற எடம். பதில் சொல்லி சொல்லியே பழகியிருப்போம், கேள்வி கேட்டுப் பழகியிருக்க மாட்டோம். வீட்டுல சமைக்கும்போது மிக்சியைப் பாத்து கேள்வி கேட்டு ப்ராக்டிஸ் பண்ணவ நான், சிரிக்காதீங்க, உபயோகமா இருந்துச்சு.

மொத்தமும் ஒரு டீ ஆறுற நேரம்தான். வெளிய வந்தா முதுகெல்லாம் வேர்வை.

"ஆமா", "இல்ல"ன்னு சொல்லக்கூட ஒரு வார்த்தை கெடையாதாமே, நெஜமா?

நெஜம். கேள்வி எந்த வினைல வருதோ அந்த வினைலயே பதில் சொல்லணும். "இருக்கா"ன்னா ஓய்ஸ், இருக்கு. "நீ செய்யறியா"ங்கற மாதிரி கேட்டா அடு. "போனியா", "பாத்தியா"ன்னு நடந்து முடிஞ்சதைக் கேட்டா டோ, இல்லைன்னா நாதோ. பெயர்ச்சொல்லை அழுத்திக் கேட்டா யே. இங்கிலீஷ்காரங்களுக்கு இது பெரிய தலைவலி, பரீட்சைல இதுக்குன்னே குறி வச்சு கேப்பாங்க.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "வர்றியா?" "வர்றேன்." "காசு இருக்கா?" "இருக்கு." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." நாம பொறந்ததுலேருந்து இப்படித்தானே பேசிட்டிருக்கோம்! இன்னொண்ணு, வெல்ஷ்ல "வச்சிருக்கறது"க்கு தனி வினை கெடையாது, "எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க"ன்னு நாம சொல்ற மாதிரி "இருக்காங்க ரெண்டு பசங்க என்னோட"ன்னுதான் வரும். நீ, நீங்கவும் அப்படியே இருக்கு, டீன்னா நீ, ஹீன்னா நீங்க, பரீட்சை எடுக்கறவங்களை ஹீன்னுதான் கூப்பிடணும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கிலீஷ் வழியா வெல்ஷைப் படிக்காம தமிழ் வழியாப் படிச்சா பாதி இலக்கணம் இனாமாக் கெடைக்குது, இதை எனக்குக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு.

அதுக்காகத் தலைக்கு ஏறிடக் கூடாது. வீட்டுல பூனை, நாய் இருக்கான்னு பரீட்சை எடுத்த அந்தம்மா கேட்டாங்க. நான் டக்குனு "அடு"ன்னுட்டேன். "ஓய்ஸ்" சொல்லணும். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டு "ஓய்ஸ், ஓய்ஸ், ஒரு பூனை இருக்கு"ன்னு திருத்தினேன். தப்பைத் தானே திருத்திக்கறது தப்பில்ல, பேசறவங்க எல்லாரும் பண்றதுதான், அவங்களும் பூனை பேரு என்னன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. பூனை பேரு முனியாண்டி. அதை விளக்க எனக்கு வெல்ஷ் பத்தல.

வார்த்தை வரிசை மட்டும் நமக்கு நேர் எதிர். நாம வினையைக் கடைசில வைப்போம், இவங்க முதல்ல. "போனேன் நான் கடைக்கு"ன்னு நாடகத் தமிழ்ல பேசிப் பழகிக்கோங்க.

நடுவுல வார்த்தை வரலைன்னா இங்கிலீஷ்ல சொல்லிடலாமா?

ஒரு வார்த்தைன்னா உயிர் போகாது. ஆனா வாக்கியமே இங்கிலீஷுக்குத் தாவிடக் கூடாது. "எப்படி சொல்றது", "தெரியல", "இன்னொரு தடவை சொல்லுங்க" இது மூணையும் வெல்ஷ்ல மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க. புரியலைன்னு வெல்ஷ்ல சொன்னா அதுவும் வெல்ஷ் பேசினதுதான். முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாத்தான் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, ரெக்கார்டர்ல வெறும் மூச்சு சத்தம் கேட்டா எதுக்கு மார்க் போடுவாங்க?

எப்படிப் படிக்கலாம்?

பழைய கேள்வித்தாள் எல்லாம் டபிள்யூஜேஇசி சைட்ல இருக்கு, கேக்கற பகுதிக்கு ஆடியோவோட. சும்மா எடுத்துக்கலாம், காசு இல்ல. பழசுல பத்து போட்டா கேள்வியோட மாதிரி புடிபட்டுடும், ஆனா பேட்டர்ன் அப்பப்போ மாத்துவாங்க, அதனால புதுசுலேருந்து பழசுக்குப் போங்க, நான் பழசுலேருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம் வீணாக்கினேன்.

டூவலிங்கோ ஆப்ல வெல்ஷ் 2016 ஜனவரில வந்துச்சு, 2023ல இனிமே இதைப் புதுப்பிக்க மாட்டோம்னுட்டாங்க, இருக்கறது இருக்கு. பஸ்ல போகும்போது வார்த்தை சேக்கறதுக்கு நல்லது. ஆனா அதை மட்டும் நம்பிப் பரீட்சைக்குப் போனா டிராகன், பார்ஸ்னிப் கிழங்கு பத்தி எல்லாம் பேசுவீங்க, நேத்து என்ன பண்ணேன்னு சொல்ல வராது.

ரேடியோ கம்ரின்னு வெல்ஷ் ரேடியோ இருக்கு, அதைக் கேளுங்க. டிவில எஸ்ஃபோர்சி இருக்கு, 1982 நவம்பர் 1 ஆரம்பிச்ச வெல்ஷ் சேனல், அதுல சீரியல் பாருங்க, நம்ம சீரியல் மாதிரியே யாராவது யாரையாவது முறைச்சுக்கிட்டு நிப்பாங்க, பாதி புரியும். அந்த சேனல் வந்த கதையே பெருசு, குடுக்கறேன்னு சொன்ன கவர்மென்ட் பேச்சு மாறவும் 1980ல க்வின்வோர் எவன்ஸ்னு ஒரு தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன்னு அறிவிச்சார், உக்கார வேண்டிய நாள் வர்றதுக்குள்ளயே கவர்மென்ட் எறங்கி வந்துடுச்சு.

அப்புறம் ஷாரட்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ஷாரட்னா பேசறது. சரளமாப் பேசற ஒருத்தரை உங்ககூட ஜோடி சேத்து விடுவாங்க, மொத்தம் பத்து மணி நேரம் சும்மா அரட்டை அடிக்கணும். எனக்கு வந்தவங்க ரிட்டயர்டு டீச்சர், அவங்ககூட காஃபி கடைல உக்காந்து பேசினதுதான் எனக்கு சல்வைன்ல கை குடுத்துச்சு. லீவும் காசும் இருக்கறவங்க நான்ட் குர்தெய்ர்ன் போகலாம், ஹ்லீன் தீபகற்பத்துல கடலோரமா கல் குவாரி வேலைக்காரங்க இருந்து காலியான கிராமம், அதை வெல்ஷ் கத்துக்கற மையமா மாத்திட்டாங்க, அங்கயே தங்கிப் படிக்கலாம்.

இதைப் பாஸ் பண்ணா சிட்டிசன்ஷிப் கெடைக்குமா?

வாரத்துக்கு ஒருத்தர் இதைக் கேக்கறாங்க. சட்டத்துல இருக்கறது உண்மை. 1981 பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்துல இங்கிலீஷ், வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக், இந்த மூணுல ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்னுதான் இருக்கு. சிட்டிசன்ஷிப்புக்கு எழுதற லைஃப் இன் தி யூகே டெஸ்டைக்கூட வெல்ஷ்ல எழுத விண்ணப்பிக்கலாம். ஆனா விசாவுக்கு ஹோம் ஆஃபீஸ் ஒத்துக்கற மொழி டெஸ்ட் லிஸ்ட் எல்லாம் இங்கிலீஷ் டெஸ்ட். குறுக்கு வழின்னு நெனச்சு இதை எடுக்காதீங்க, இங்கிலீஷ் டெஸ்டுக்குப் படிக்கறதைவிட இது நாலு மடங்கு வேலை.

வேலைக்காவது உதவுமா?

இங்க உதவும், லண்டன்ல உதவாது. வேல்ஸ்ல கவுன்சில், ஆஸ்பத்திரி, ஸ்கூல் வேலை விளம்பரத்துல "வெல்ஷ் அவசியம்" இல்லைன்னா "வெல்ஷ் தெரிஞ்சா நல்லது"ன்னு போட்டிருப்பாங்க. அவசியம்னு போட்டா மனெட்யாட் செர்டிஃபிகேட்டை நீட்டிப் பிரயோஜனம் இல்ல, அதுக்கு மேல் லெவல் வேணும். நல்லதுன்னு போட்ட எடத்துல சின்ன லெவலும் கண்ணுல படும். 2017லேருந்து வேலை செய்யற எடத்துலயே வெல்ஷ் சொல்லித்தர்ற திட்டம் ஒண்ணு ஓடுது, கம்ரைக் க்வைத்னு பேரு, உங்க மேனேஜர்கிட்ட கேட்டுப் பாருங்க, நேரமும் குடுத்து சொல்லியும் குடுப்பாங்க. 2022லேருந்து 16 முதல் 25 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குக் க்ளாஸ் ஃப்ரீ, வீட்டுல காலேஜ் பசங்க இருந்தா தள்ளி விடுங்க.

வெல்ஷ் பேசறவங்க சட்டைல ஆரஞ்சு கலர்ல ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பாங்க. கத்துக்கறவங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. நான் மனெட்யாட் முடிச்ச அப்புறம்தான் அதைக் குத்திக்கற தைரியம் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே குத்தியிருக்கலாம், யாரும் செர்டிஃபிகேட் கேக்கறதில்ல.

ஃபெயிலானா?

மறுபடி எழுதலாம். எங்க க்ளாஸ்ல ஒருத்தர் சல்வைன் மூணாவது தடவைல பாஸ் பண்ணார், அன்னிக்கு க்ளாஸ்ல கேக் வெட்டினோம்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு? அங்க எல்லாரும்தான் இங்கிலீஷ் பேசறாங்களே?

எல்லாரும் பேசறாங்கதான். நூத்தம்பது இருநூறு வருஷம் முன்னாடி இங்க சில ஸ்கூல்ல வெல்ஷ் பேசின குழந்தை கழுத்துல ஒரு கட்டையைத் தொங்க விடுவாங்க, வெல்ஷ் நாட்னு பேரு. தமிழ்ல பேசினா அஞ்சு ரூபா ஃபைன்னு போர்டு வச்ச ஸ்கூல்லதான் நானும் படிச்சேன், அதனால அந்தக் கட்டையைப் பத்திக் க்ளாஸ்ல சொன்னப்போ எனக்கு விளக்கம் தேவைப்படல.

ஆனா நான் சேர்ந்தது அதுக்காக இல்ல, சும்மா மொழிப்பற்றுன்னு பீத்திக்க மாட்டேன். கடைக்கு ஒரு பாட்டி வருவாங்க, எம்பது எம்பத்தஞ்சு வயசு, மகளோடதான் வருவாங்க. மறதி நோய். நல்லா இங்கிலீஷ் பேசிட்டிருந்தவங்க, நோய் ஜாஸ்தியாக ஆக இங்கிலீஷ் கழண்டு போய் சின்ன வயசு வெல்ஷ் மட்டும் மிஞ்சிடுச்சு. மாத்திரையைக் காலைல போடணுமா ராத்திரி போடணுமான்னு என்கிட்ட அவங்க கேட்டது எனக்குப் புரியல, மகதான் சொன்னாங்க. அந்த வாரமே க்ளாஸ்ல பேரு குடுத்தேன்.

சல்வைன் ரிசல்ட் வந்த மாசம் அவங்க கடைக்கு வந்தப்போ நான் "போரே, ஒரு மாத்திரை. நோஸ், ஒரு மாத்திரை"ன்னு வெல்ஷ்ல சொல்லி பாட்டிலைத் தட்டிக் காட்டினேன், காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பாட்டி என் பேட்ஜை உத்துப் பாத்துட்டு, நான் "மாத்திரை"க்குப் போட்ட வார்த்தைல ட்ரெய்க்லாட் தப்புன்னு திருத்தினாங்க.